ஏற்காட்டுக்கு ஏற்றினால் மிக்ஸர் ஸ்க்ரூ வெளியேயா, உள்ளேயா?

நாகலூர் காப்பிக்காரன்
நேற்று இன்னொரு குழுவில் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்: "எந்த ஏ.டி.வி.யாக இருந்தாலும் சரி, சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற்றினால் காற்று-பெட்ரோல் கலவையைத் திருத்தும் மிக்ஸர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுங்கள், வண்டி பறக்கும்." கீழே ஆளாளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் எரிச்சல்தான் வந்தது.

மலை மேல் எங்கள் எஸ்டேட்டில் ஓடும் ஏ.டி.வி., அதாவது நான்கு சக்கரக் காட்டு வண்டி, யமஹா ராப்டர் 660. ஒரே சிலிண்டர், ஐந்து வால்வு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் 33 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர் இரண்டு. அதில் அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் கரியாகும், பெட்ரோல் வாடை அடிக்கும், மிளகு மூட்டையோடு நின்ற இடத்திலிருந்து கிளப்பினால் வண்டி திணறும். மலை மேல் காற்று லேசு. பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அப்படியென்றால் அரைச் சுற்று உள்ளேதான். தெரியாமல் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யாதீர்கள்.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
அந்த "ஒருவர்" நான்தான் தம்பி. பெயரைச் சொல்லியே திட்டலாம், ஒளிய வேண்டாம்.

1983-இல் ராஜ்தூத் 350 பைக் வந்தபோது, இரண்டு கார்புரேட்டரையும் ஒரே மூச்சில் திறக்க வைக்கத் தெரிந்த கை இந்த ஊரில் எத்தனை இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். காற்று வழியைத் திறக்கும் சிலைடு இரண்டும் ஒரே உயரத்தில் தூக்குகிறதா என்று அடியில் கம்பியை விட்டுத் தடவிப் பார்த்து, கேபிளில் திருத்திய கை இது. அந்த வண்டிகளை அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றித்தான் சோதித்தோம். மேலே போனால் ஸ்க்ரூ அரைச் சுற்று வெளியே. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அஸ்தம்பட்டி பொறியாளர்
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். எந்த ஸ்க்ரூ? ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கிற ஸ்க்ரூ காற்றை விடும். அதை வெளியே எடுத்தால் காற்று கூடும், கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருக்கிற ஸ்க்ரூ கலவையை விடும். அதை வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். ஆர்.டி. 350-இல், அதாவது அந்த ராஜ்தூத் 350-இல், இருப்பது முதல் வகை. ராப்டரில் இருப்பது இரண்டாவது வகை. முதலில் எதைப் பேசுகிறீர்கள் என்று சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூ. கார்புரேட்டரைக் கையில் பிடித்தவனுக்கு எதைச் சொல்கிறோம் என்று தெரியும். வெளியே.

நாகலூர் காப்பிக்காரன்
உள்ளே.

என் வண்டி என் கண் முன்னால் நிற்கிறது. உள்ளே திருகிய பிறகு பிளக் கரி போய், கலவை சரி என்று காட்டும் காப்பித்தூள் நிறத்தில் வந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அம்மாபேட்டை பான்ஷீ
ஆர்.டி. அண்ணன் சொல்வதுதான் சரி. என்னிடம் இருப்பது யமஹா பான்ஷீ. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 26 மி.மீ. மிக்குனி இரண்டு. மேலே கொண்டுபோனால் ஸ்க்ரூவை வெளியேதான் எடுக்கிறேன், பிசிறில்லாமல் ஓடுகிறது. ஏனென்றால் அது நம் ஆர்.டி. 350 இன்ஜின்தான், நான்கு சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி பொறியாளர்
அது ராஜ்தூத் இன்ஜின் இல்லை. ராஜ்தூத் 350 காற்றில் குளிரும் இன்ஜின். பான்ஷீயில் இருப்பது தண்ணீரில் குளிரும் ஆர்.இசட். 350 வழி வந்தது, அதிலும் புகை வழியில் இருக்கும் பவர் வால்வை எடுத்துவிட்டு வைத்தது. ஒரே குடும்பம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அம்மாபேட்டை பான்ஷீ
ஒரே குடும்பம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்புறம் என்ன?

அஸ்தம்பட்டி பொறியாளர்
சித்தப்பா வீட்டுச் சொத்துக்குப் பட்டா கேட்கிற மாதிரி இருக்கிறது நீங்கள் பேசுவது. தண்ணீர் ஓடாத இன்ஜினும் தண்ணீர் ஓடுகிற இன்ஜினும் ஒன்றா?

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
பான்ஷீக்காரத் தம்பியை விடுங்கள், அவர் கையால் வேலை செய்கிறவர். பொறியாளர் ஐயா, நீங்கள் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஊதிப் பார்த்தது உண்டா? அதைச் சொல்லுங்கள் முதலில். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் பேசலாம்.

அஸ்தம்பட்டி பொறியாளர்
ஊதியிருக்கிறேன், கணக்கும் போட்டிருக்கிறேன். கேளுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 13 சதவீதம் குறைகிறது. ஆனால் அதனால் கலவையில் பெட்ரோல் பங்கு கூடி அது 13 சதவீதம் கெட்டியாகிவிடாது. காற்றின் அடர்த்தி குறையும்போது கார்புரேட்டர் உறிஞ்சும் பெட்ரோலும் கொஞ்சம் குறையும், காற்று குறைந்த அளவுக்குக் குறையாது. அந்த இடைவெளிதான் பிரச்சினை. கணக்குப்படி அது ஆறு, ஏழு சதவீதம்.

அதிலும் சித்திரை வெயிலில் கீழே 40 டிகிரி, மேலே 20 டிகிரி என்று வையுங்கள். சூடான காற்றும் லேசானதுதானே? அப்போது இரண்டு ஊருக்கும் அடர்த்தி வித்தியாசம் எட்டு சதவீதத்துக்குள் வந்துவிடும். கலவை வித்தியாசம் நான்கு சதவீதம்தான். இதற்கு எல்லா வண்டிக்கும் எல்லாக் காலத்துக்கும் அரைச் சுற்று என்று ஒரே அளவு எப்படிச் சரியாகும்? எந்தப் பக்கத்து ஸ்க்ரூ என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
சதவீதமெல்லாம் கல்லூரியில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சத்தத்தில் பேசும். மேலே போனதும் அது கொடகொடவென்று அடைத்துப் பேசும். ஸ்க்ரூவை மெதுவாக வெளியே எடுக்க எடுக்கச் சத்தம் தெளிந்து வரும். எங்கே தெளிகிறதோ அங்கே நிறுத்து. நான் பார்த்தவரையில் அது அரைச் சுற்றில் தெளியும். வெளியே.

நாகலூர் காப்பிக்காரன்
என் வண்டியில் வெளியே எடுக்க எடுக்க அடைப்பு கூடுகிறது. சத்தம் கேட்கத் தெரிந்தவர் ஒரு நாள் நேரில் வந்து கேளுங்கள். கீழே உட்கார்ந்துகொண்டு மலைக்குச் சட்டம் போடுவதே உங்கள் ஊர்க்காரர்களுக்கு வேலை. ரோட்டில் பனி இறங்கினால் திரும்பிப் போய்விடுகிறீர்கள், எங்களுக்குத்தான் இந்த வண்டியோடு வருடம் முழுக்கப் பாடு. காப்பி அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் கூலியாட்கள் மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டும்.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
மலைக்காரர்கள் வண்டி பழுதானால் எங்கே கொண்டுவருகிறீர்கள்? கீழேதானே? அப்போது மட்டும் "அண்ணே அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவீர்கள். போன அறுவடைக்கு முன்னால் எத்தனை எஸ்டேட் வண்டி என் வாசலில் நின்றது என்று எனக்குத் தெரியும். இப்போது நான் கீழ்ஊர்க்காரன் ஆகிவிட்டேனா?

மஞ்சக்குட்டை அக்கா
வாசலில் நின்ற வண்டிகளில் எங்களுடையதும் ஒன்று. அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இந்த ஸ்க்ரூவுக்கு ஏன் இத்தனை சண்டை? அந்த ஸ்க்ரூ வேலை செய்வது ஐடிலிங்கிலும் ஆக்ஸிலேட்டர் கால் பங்கு திறக்கும் வரையிலும்தான். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை சிலைடில் தொங்கும் நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். மூட்டை ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும்போது யார் ஐடிலிங்கில் ஓட்டுகிறார்கள்? பாதி ஆக்ஸிலேட்டரில் திணறினால் நீடில் கிளிப்பை ஒரு காடி மேலே போடுங்கள். நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழுவுங்கள். காப்பிக் காட்டுச் செம்மண் அப்பிய ஃபில்டர் காற்றை அடைத்தாலும் இதே கரி பிளக்தான் வரும். மலையின் மேல் பழி போட்டுவிட்டு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பீர்கள்.

நாகலூர் காப்பிக்காரன்
ஃபில்டர் வாரம் தவறாமல் கழுவுகிறோம் அக்கா. என் வண்டியில் ஸ்க்ரூ உள்ளேதான்.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
நீடில், ஜெட் எல்லாம் எனக்கும் தெரியும் அம்மா. கேள்வி ஸ்க்ரூ பற்றியது. பேச்சை மாற்ற வேண்டாம். வெளியே.

ஓமலூர் ரைடர்
பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒரு விஷயம். சி.வி. கார்புரேட்டருக்கு மலை, சமவெளி என்று எதுவும் கிடையாதாம். சிலைடு தானே காற்றுக்குத் தகுந்தபடி ஏறி இறங்குமாம். ராப்டரில் இருப்பது சி.வி.தானே? அப்படியென்றால் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாமே?

அஸ்தம்பட்டி பொறியாளர்
ஓரளவு சமாளிக்கும், முழுதாகச் சமாளிக்காது. சிலைடு ஏறாத ஐடிலிங்கில் அதனால் என்ன செய்ய முடியும்? அங்கே ஸ்க்ரூதான். அதனால்தான் கேட்கிறேன், எந்தப் பக்கத்து ஸ்க்ரூ?

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
பார்த்தீர்களா, "அங்கே ஸ்க்ரூதான்" என்று பொறியாளரே சொல்லிவிட்டார். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது அதுதான்.

ஓமலூர் ரைடர்
இன்னொரு சந்தேகம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் கலவை மெலியும் என்கிறார்கள். மலை கெட்டியாக்கும், எத்தனால் மெலிய வைக்கும். இரண்டும் கழிந்து போகாதா?

அஸ்தம்பட்டி பொறியாளர்
நல்ல கேள்வி. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். ஜெட் மாறாமல் இருந்தால் கலவை எட்டு சதவீதம் மெலிந்த மாதிரி ஆகும். பழைய பெட்ரோலுக்குச் செட் செய்த ஜெட்டோடு மலையேறினால் ஏறக்குறைய சரியாகிவிடக்கூட வாய்ப்பு உண்டு. கீழே இறங்கினால்தான் வம்பு: இன்ஜின் சூடாகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் வேகம் சட்டென்று இறங்காமல் தொங்கும், சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். டூ ஸ்ட்ரோக் பான்ஷீ என்றால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளலாம்.

அம்மாபேட்டை பான்ஷீ
என் வண்டிக்கு ஏன் சாபம் விடுகிறீர்கள்?

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
எத்தனாலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம். பழைய கார்புரேட்டரின் ரப்பர் ஓ ரிங் ஊறிப் போய் வருகிறது, பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறது. தினமும் நான்தான் கழுவுகிறேன். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள் என்று தொண்டை வற்றச் சொல்கிறேன், எந்த எஸ்டேட்டிலும் கேட்பதில்லை. ஆனால் பெட்ரோல் பெயரைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் மேலே போனால் ஸ்க்ரூ வெளியே.

குப்பனூர் பயணி
ஏ.டி.வி.யை மலை ரோட்டில் ஓட்டுவதே சட்டப்படி தப்பு. டிராக்டராகப் பதிவான பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 போல ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றுக்குப் பதிவெண்ணே கிடையாது. இதில் 20 கொண்டை ஊசி வளைவில் சோதித்தேன் என்று பெருமை வேறு. அந்த ஸ்போர்ட்ஸ்மேனில் கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன்; காற்றழுத்தத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். காசைச் சேர்த்து அதை வாங்குங்கள்.

நாகலூர் காப்பிக்காரன்
எங்கள் வண்டி எஸ்டேட் எல்லையைத் தாண்டுவதே இல்லை. பட்டறைக்குக்கூட லாரியில் ஏற்றித்தான் போகும். சட்டம் தெரியாதவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
வளைவில் நான் சோதித்தது ராஜ்தூத்தை. பதிவெண் உள்ள வண்டி. ஒழுங்காகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

குப்பனூர் பயணி
ராஜ்தூத்தில் சோதித்துவிட்டு "எந்த ஏ.டி.வி.யாக இருந்தாலும்" என்று எப்படி எழுதினீர்கள்?

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
கார்புரேட்டருக்குச் சக்கரம் எத்தனை என்று தெரியுமா? இரண்டு சக்கரமோ நான்கு சக்கரமோ, மிக்குனி மிக்குனிதான். பதில் சொல்லியாகிவிட்டது.

மஞ்சக்குட்டை அக்கா
சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். போன அறுவடைக்கு முன்னால் எங்கள் வண்டி கீழே ஒரு பட்டறைக்குப் போனது. திரும்பி வந்தபோது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் தலையில் காடியே இல்லை. பித்தளை ஜெட்டுக்குப் பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டு நெம்பியிருக்கிறார்கள். யார் பட்டறை என்று இங்கே சொல்லவில்லை. ஆனால் இந்தத் திரியில் மூச்சுக்கு மூச்சு "கை, கை" என்று சொல்கிறவருக்குத் தெரியும்.

நாகலூர் காப்பிக்காரன்
ஓ, அந்தக் கைதானா இது!

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
அந்த ஜெட் என்னிடம் வரும்போதே தேய்ந்துதான் வந்தது. அதற்கு முன்னால் எஸ்டேட்டிலேயே யாரோ கைவைத்திருக்கிறார்கள். கழற்றியதும் போன் செய்து சொன்னேன், எடுத்தவர் உங்கள் வீட்டுக்காரர். அவரிடம் கேளுங்கள்.

மஞ்சக்குட்டை அக்கா
அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அப்படி ஒரு போனே வரவில்லை என்கிறார். புது ஜெட்டுக்குக் கொடுத்த காசை யார் தருவது?

அம்மாபேட்டை பான்ஷீ
அண்ணன் மேல் வீண் பழி போடாதீர்கள். என் வண்டியில் அவர் கை வைத்து இதுவரை ஒரு ஜெட் தேய்ந்ததில்லை.

அஸ்தம்பட்டி பொறியாளர்
எந்தப் பக்கத்து ஸ்க்ரூ?

செவ்வாப்பேட்டை ஆர்.டி.
போன் செய்தேன் அம்மா. இரண்டு முறை செய்தேன். காசு என்றால் வண்டியைக் கொண்டு வாருங்கள், பழைய ஜெட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். யார் நெம்பியது என்று அந்தத் தலையைப் பார்த்தே சொல்கிறேன். வரும்போது நாகலூர்த் தம்பியையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்கும் காட்டி அனுப்புகிறேன்.

நாகலூர் காப்பிக்காரன்
நான் வர மாட்டேன். நீங்கள் மேலே வாருங்கள்.