எரடோஸ்தனீஸ் நிழலை வைத்துப் பூமி உருண்டை என்று நிரூபித்தாரா?

கேள்வி: பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் பற்றி எங்கு பார்த்தாலும் ஒரே கதைதான். ஜூன் மாத உச்சிவேளையில் எகிப்தின் சியீனில் (இன்றைய அஸ்வான்) கிணற்றின் அடிவரை வெயில் விழுந்தது. அதற்கு வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் நிழல் 7.2 டிகிரி சாய்ந்தது. ஆகவே பூமி உருண்டை. சூரியன் கிட்டத்தில் இருந்தால் தட்டைத் தரையிலும் இதே நிழல் விழுமே?

பதில் (சங்குநிழல்): விழும். இரண்டு ஊர் நிழல் மட்டும் வடிவத்தைச் சொல்லாது. ஊர்களின் தூரம் 5,000 ஸ்டேடியா (பழைய கிரேக்க நீள அளவு), 7.2 டிகிரிக்கு டேஞ்சன்ட் (நிழல் நீளத்தைக் குச்சி உயரத்தால் வகுத்தால் வரும் எண்) 0.1263. தூரத்தை இதால் வகுத்தால், தட்டைத் தரைக்கு மேல் ஏறக்குறைய 39,600 ஸ்டேடியா உயரத்தில் சூரியன் என்று விடை வரும். பழைய சீனக் கணித நூலான சோபி சுவான்சிங் இந்த வழியில்தான் போகிறது (சீ, சுன், லீ எல்லாம் சீன நீள அளவுகள்): 8 சீ உயரக் கம்பு, 1,000 லீக்கு ஒரு சுன் நிழல் மாற்றம், சூரியனின் உயரம் 80,000 லீ. கணக்கில் தப்பில்லை, அனுமானம்தான் வேறு.

எரடோஸ்தனீஸ் உருண்டை என்பதையும், சூரியன் வெகுதூரத்தில் இருப்பதால் கதிர்கள் இணையாக வருவதையும் முன்பே எடுத்துக்கொண்டு சுற்றளவை மட்டும் கணக்கிட்டார். 7.2 டிகிரி வட்டத்தில் 50இல் ஒரு பங்கு; 50 × 5,000 = 2,50,000 ஸ்டேடியா.

பதில் (அகத்தியமீன்): வடிவத்துக்கான வாதம் எரடோஸ்தனீஸுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. சந்திர கிரகணத்தில் பூமி நிழலின் விளிம்பு எப்போதும் வளைந்தே தெரிகிறது. தட்டும் வட்ட நிழல் தருமே என்பார்கள். ஒளி நேர் எதிரே விழும்போது மட்டும்தான் தரும். நிலா உதிக்கும் நேரத்தில் கிரகணம் பிடித்தால் சூரியன் எதிர்த் தொடுவானத்தில் இருக்கும். தட்டின் விளிம்பில் ஒளி பட்டு நிழல் கோடாகத்தான் விழ வேண்டும். அப்படி ஒருபோதும் விழுவதில்லை. (கிரகணத்துக்குச் சரியான காரணம் சொன்ன கிரேக்க அறிஞர் அனக்சகோரஸ் பூமி தட்டை என்றே நம்பினார் என்பது வேடிக்கை.)

இன்னொன்று விண்மீன்கள். எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே தெரிவதில்லை. நம் அகத்திய நட்சத்திரமும் அப்படித்தான்: அலெக்சாண்ட்ரியாவில் தொடுவானத்துக்குச் சற்று மேலே தெரியும், ஏதென்ஸில் தொடுவானத்தைத் தாண்டாது. தரை வளைந்திருந்தால்தான் இப்படி மறையும்.

கேள்வி கேட்டவர்: மூன்றாவது ஊரையும் சேர்த்தால் நிழலே முடிவு சொல்லிவிடாதா?

பதில் (சங்குநிழல்): சொல்லும், ஊர் போதிய தொலைவில் இருந்தால். சியீனுக்கு நேர் வடக்கே 10,000 ஸ்டேடியாவில் உருண்டைக்கு 14.4 டிகிரி, தட்டைக்கு 14.2. இந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழையிலேயே காணாமல் போகும். 25,000 ஸ்டேடியாவில் உருண்டைக்கு 36, தட்டைக்கு 32.3, அங்கே ஏமாற முடியாது. ஆனால் அது ஏறக்குறைய ஹெல்சிங்கி இருக்கும் அட்சரேகை.

பிழை எங்கே வரும் என்றால், சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகல வட்டு. 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 9 மில்லிமீட்டருக்கு மங்கிக் கிடக்கும். கருநிழல் (மங்கலில்லாத முழு இருட்டுப் பகுதி) முடியும் இடத்தை அளந்தால் சூரியனின் மேல்விளிம்பை அளந்ததாகிவிடும். கோணம் கால் டிகிரி குறையும். நீங்களே அளப்பதானால், குச்சி உச்சியில் சிறு துளையிட்ட தகடு வைத்து, தரையில் விழும் ஒளிவட்டத்தின் நடுவைக் குறியுங்கள். அடியை, துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுக் குறிக்கவும். குச்சி 1 டிகிரி சாய்ந்தால் விடையும் 1 டிகிரி வரை தவறும். கடிகாரத்தின் 12 மணியை நம்ப வேண்டாம். 11:30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை எடுங்கள். குட்டையாகி மறுபடி நீளத் தொடங்கும்வரை நிறுத்தக் கூடாது.