மறு: 'ஃபெர்டைல்' என்பதற்குத் தமிழ் – சூற்பொருள்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் அணுவியல் கலைச்சொற்களில், மெதுவான நியூட்ரான் பட்டாலே அணுக்கரு பிளந்து ஆற்றல் தரும் 'ஃபிஸைல்' என்பதற்குப் பிளவுப்பொருள் என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம். யுரேனியம்-235, யுரேனியம்-233, புளூட்டோனியம்-239 மூன்றும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதன் இணைச்சொல்லான 'ஃபெர்டைல்'தான், அதாவது உலையில் பிளவுப்பொருளாக மாறக்கூடிய பொருளின் பெயர்தான், இன்னும் இழுபறியாக இருக்கிறது. யுரேனியம்-238, தோரியம்-232 ஆகியவற்றை என்ன சொல்லி அழைப்பது? வளப்பொருள், பிளவுறாப் பொருள், கருவுறு பொருள் என்று வந்திருக்கும் மூன்று பரிந்துரைகளையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ஃபெர்டைல் நிலம் என்றால் வளமான நிலம். ஆகவே வளப்பொருள் என்று வைப்போம். பாமரருக்கும் புரியும்.

சுசீந்திரம் அண்ணாச்சி, புரியத்தான் செய்யும். ஆனால் தப்பாகப் புரியும். நம் மாவட்டத்தில் வளம் என்றதும் கனிமவளம்தான் நினைவுக்கு வருகிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெயிலில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்பு கார்னெட். அவற்றுக்கு நடுவே தேன் நிறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடப்பது தோரியம் அடங்கிய மோனசைட். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் தேடி வந்தது இதைத்தான். அன்று தோரியம் காஸ் விளக்கின் மேன்டிலுக்குப் பயன்பட்டது. இன்று அதே மணலைக் காட்டி, உலகத்துக்கே மின்சாரம் தரும் எரிபொருள் இங்கே கிடக்கிறது என்று ஒரு சாராரும், அணுகுண்டே இங்கே கிடக்கிறது என்று மறுசாராரும் பேசுகிறார்கள். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை: தோரியத்தை நேரடி எரிபொருளாக நினைத்துக்கொள்வது. வளப்பொருள் என்று பெயரிட்டால் அந்தப் பிழைக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும்.

தோரியம்-232 மெதுவான நியூட்ரானால் பிளவுபடாது. அந்த நியூட்ரானை விழுங்கி தோரியம்-233 ஆகும். பிறகு புரோட்டாக்டினியம்-233 ஆகி, அது 27 நாள் அரை ஆயுளில் (பாதி அளவு சிதைய ஆகும் காலம்) சிதைந்து யுரேனியம்-233 ஆகும். பிளவுபடுவது அந்த யுரேனியம்தான். யுரேனியம்-238 போகும் வழியும் இதுவே. நியூட்ரானை ஏற்று யுரேனியம்-239, சுமார் 23 நிமிட அரை ஆயுளில் நெப்டியூனியம்-239, இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட அரை ஆயுளில் புளூட்டோனியம்-239. அதன் பிறகு அவசரமே இல்லை. புளூட்டோனியத்தின் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள். ஒன்றை உள்வாங்கி, சிறிது காலம் சுமந்து, வேறொன்றைத் தருவதுதான் இந்தப் பொருள்களின் இயல்பு. நாம் தேடும் சொல்லில் இந்தச் சுமத்தல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

> பிளவுப்பொருள் × பிளவுறாப் பொருள். எதிர்ச்சொல்லாக வைத்தால் மாணவர்களுக்கு எளிது.

தம்பி, எளிதுதான், ஆனால் உண்மைக்குப் புறம்பானது. வேகமான நியூட்ரான் தாக்கினால் யுரேனியம்-238 பிளக்கும். ஹைட்ரஜன் குண்டுகளின் ஆற்றலில் பெரும்பங்கு அப்படி வெளிப்பட்டதும் உண்டு. பிளவுறா என்று பாடநூலில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு திருத்தவே முடியாது.

கருவுறு பொருள் என்ற பரிந்துரை எனக்கு மிக நெருக்கமானது. அதைக் கைவிடச் சொல்வது ஒரே காரணத்துக்காக: அணுக்கரு, கருப்பிளவு, கரு இணைவு என்று இந்தத் துறை முழுக்க 'கரு' நியூக்ளியஸைக் குறிக்கிறது. கருவுறு பொருளின் கரு நியூட்ரானை ஏற்கிறது என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். படிப்பவர் தலை சுற்றும்.

ஆகவே சூற்பொருள். சூல் கொண்ட மேகம், சூலுற்ற பயிர் என்று புழங்கிவரும் சொல். எரிப்பதைவிட அதிகமாகப் பிளவுப்பொருளை உண்டாக்கும் ப்ரீடர் ரியாக்டருக்கு ஈனுலை என்று ஏற்கெனவே தமிழில் எழுதுகிறார்கள்; சூலும் ஈனலும் இயல்பாகவே அடுத்தடுத்து நிற்பவை. கடற்கரை மணலில் முட்டையிட வரும் ஆமைக்குச் சங்கப்பாட்டில் 'நிறைசூல்' என்ற அடைமொழி வருகிறது. அதே அடியில் ஈன்றது என்றும் வருகிறது. சூற்பொருள் ஈனுலையில் பிளவுப்பொருளை ஈனும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தாவரவியலில் சூல் என்பது ஓவ்யூல் ஆயிற்றே என்று கேட்பீர்கள். அங்கே அது தனிச்சொல், இங்கே கூட்டுச்சொல். பூவையும் உலையையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

இனி தக்கலை டீச்சரின் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையிலேயே கனமான கேள்வி அதுதான்.

> தாய்மையோடு சேர்ந்த சொல்லை நாகசாகியைச் சுட்ட பொருளோடு ஒட்டலாமா? எனக்கு உறுத்துகிறது.

டீச்சர், உறுத்த வேண்டியதுதான். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் வெடித்த குண்டில் இருந்தது சுமார் 6 கிலோ புளூட்டோனியம். அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு உலைகளில் யுரேனியம்-238 நியூட்ரானை ஏற்றுப் பிறந்தது அது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்ததும் மும்பை டிராம்பேயின் சைரஸ் உலையில் உண்டான புளூட்டோனியம்தான். அதே சமயம் கூடங்குளத்திலிருந்து நமக்கு வரும் மின்சாரத்திலும் புளூட்டோனியத்துக்குப் பங்கு உண்டு. இத்தகைய உலைகளில் எரிபொருள் கிடக்கும்போதே அதிலுள்ள யுரேனியம்-238 புளூட்டோனியமாகி, அங்கேயே பிளந்து, மொத்த ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தருகிறது. எஞ்சியது தீர்ந்த எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதமாகக் கிடக்கும். மின்சாரத்துக்கும் குண்டுக்கும் மூலம் ஒன்றுதான் என்பதை மறைக்கிற சொல்லைவிட, உறுத்தலோடு அதைச் சொல்லும் சொல்லே எனக்குப் பிடிக்கிறது. 'வளம்' அதை மறைக்கிறது. 'சூல்' மறைக்கவில்லை.

இதில் காலத்துக்கும் பங்கு இருக்கிறது. உலையில் சில மாதங்கள் மட்டுமே வைத்து எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் புளூட்டோனியம்-239. ஆண்டுக்கணக்கில் விட்டால் அதுவே இன்னொரு நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியம்-240 ஆகிச் சேர்ந்துகொண்டே போகும். 240 தானாகவே பிளந்து நியூட்ரான்களை உமிழும். குண்டு முழுமையாக ஒடுங்குமுன்பே தொடர்வினை தொடங்கி, வெடிப்பு பிசுபிசுத்துப்போகும். ஒரு துண்டை இன்னொன்றின் மேல் சுட்டு இணைக்கும் துப்பாக்கி முறையில் புளூட்டோனியக் குண்டு செய்யும் திட்டத்தை 1944இல் அமெரிக்கர்கள் கைவிட்டு, சுற்றிலும் வெடிவைத்து உள்நோக்கி நொடியில் நசுக்கும் உள்வெடிப்பு முறைக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். 240 ஏழு சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஆயுதத்தரம் என்பார்கள். உலைத்தரப் புளூட்டோனியம் ஆயுதம் செய்பவருக்குப் பெருந்தொல்லை. ஆனால் முற்றான தடையல்ல. ஆகவே ஆயுதத்தரம், உலைத்தரம் இரண்டையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்க்க வேண்டும். ஒன்றின் கீழ் மற்றொன்றை அடக்கக் கூடாது.

நம் கரைக்கு இது எப்படித் தொடர்பு என்பதையும் பதிவில் சேர்க்க விரும்புகிறேன். இந்திய அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய ஹோமி பாபா 1954இல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தில் தோரியம் கடைசிக் கட்டம். முதல் கட்ட உலைகள் தரும் புளூட்டோனியத்தை இரண்டாம் கட்ட வேக ஈனுலைகளில் எரித்துப் பெருக்கிய பிறகே தோரியத்தின் முறை வரும். கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சிறிய சோதனை ஈனுலையின் முதல் எரிபொருளில் எழுபது சதவீதம் புளூட்டோனியம் கார்பைடு. அங்கேயே 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் 2024 மார்ச்சில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணியைத் தொடங்கினார்கள். ஆக, மணவாளக்குறிச்சியை ஒட்டிய சின்னவிளை மணலிலுள்ள தோரியம் பெரிய அளவில் மின்சாரமாக வேண்டுமானால் இடையில் புளூட்டோனியம் நின்றே தீரும். அந்த மணலை அள்ளக் கூடாது என்பவரும் அள்ள வேண்டும் என்பவரும் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு வாதாடினால் நல்லது.

புளூட்டோனியத்துக்கே, எமனைக் குறிக்கும் 'கூற்று' என்பதிலிருந்து, 'கூற்றியம்' என்று பெயர் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். தனிமப் பெயர்களைத் தொட வேண்டியதில்லை. ரேடியம், தோரியம் என்று எழுதிப் பழகிய கைக்குப் புளூட்டோனியம் பாரமில்லை.

பதிவுக்கு என் வரைவு:

சூற்பொருள்: நியூட்ரானை ஏற்று, கதிரியக்கச் சிதைவின் வழியே பிளவுப்பொருளாக மாறும் பொருள். எடுத்துக்காட்டு: யுரேனியம்-238 (புளூட்டோனியம்-239ஐத் தரும்), தோரியம்-232 (யுரேனியம்-233ஐத் தரும்).

கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஈனுலையின் மையத்தைச் சுற்றி யுரேனியம்-238 அடுக்குவதை 'பிளாங்கெட்' என்கிறார்கள். போர்வை என்று மொழிபெயர்த்திருக்கிறோம். சூற்போர்வை என்று மாற்றலாமா, அல்லது அங்கே தமிழில் பேசும்போது வேறு ஏதாவது சொல் புழங்குகிறதா? புழக்கத்தில் உள்ள சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து