கேட் என்வி: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

கேள்வி: ரஷ்யாவின் கசானில் பிறந்த கேட் என்வி பாட்டு ஒன்று காதில் விழுந்தது, விடவே மாட்டேன் என்கிறது. கிளின்ட்ஷேக் ராக் குழுவில் பாடியவரும் இவர்தானா?

சிந்த்பித்தன்: அவரேதான். 2020-இல் வந்த 'ரூம் ஃபார் தி மூன்' கேளுங்கள். எண்பதுகளின் ஜப்பானிய பாப் வாடை தூக்கலாக இருக்கும். ஹெட்போனில் பேஸ் கிதாரை மட்டும் கவனியுங்கள், பாட்டையே அதுதான் இழுத்துப் போகிறது.

இரவுக்காது: என் ஓட்டு 2023-இன் 'வாவ்' ஆல்பத்துக்கு. ஃபிலடெல்ஃபியா அரசுப் பள்ளிகளில் உடைந்து கிடந்த வாத்தியங்களின் ஒலிப்பதிவுகளையும் அதில் சேர்த்திருக்கிறார். வெளியிட்டது புரூக்ளினின் சிறிய நிறுவனம்தான். பெரிய கம்பெனி இதற்குச் சரி சொல்லியிருக்குமா என்ன?

சிந்த்பித்தன்: அதுவும் சரிதான். ஆனால் 2018 ஆல்பத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாட்டு வரிகளே கிட்டத்தட்ட கிடையாது.