சூடேறும் மடிக்கணினிக்கு அடியில் ஐஸ் வைக்கலாமா?

அண்ணாநகர்வாசி:
என் மடிக்கணினி வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த மே மாத வெயிலில், சீலிங் ஃபேன் மட்டுமே உள்ள அறையில் காணொளித் தொகுப்பு வேலையைத் தொடங்கினால், பத்தே நிமிடத்தில் செயலியின் (பிராசசர்) வெப்பநிலை 97 டிகிரியை எட்டிவிடுகிறது. உடனே வேகமும் பாதியாகக் குறைகிறது. ஆகவே ஃப்ரீசரில் உறைய வைத்த ஜெல் பையைத் துணியில் சுற்றி, எவர்சில்வர் தட்டில் பரப்பி, அதன்மேல் கணினியை வைக்கிறேன். வெப்பநிலை 88க்கு இறங்குகிறது. கூலிங் பேடு வாங்குவதைவிட இதுவே மேல் என்று நினைக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர்:
ஐயா, தயவுசெய்து இதை இன்றே நிறுத்திவிடுங்கள். சென்னையின் மே மாதக் காற்றில் ஈரம் மிகுதி. ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படிந்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதைப் போலவே உங்கள் கணினியின் அடிமூடியும் வியர்க்கும். இயங்கும்போது உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை சூடாக இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். வேலையை முடித்து அணைத்த பிறகும் ஐஸ் அடியிலேயே இருந்தால் அந்த ஈரம் உள்ளே இறங்க வாய்ப்புண்டு. பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகவே காற்றை இழுக்கின்றன என்பதால், பையும் தட்டும் அந்த வழியையே அடைத்துவிடுகின்றன.

ஆறு ஆண்டுகளாகத் திறக்காத கணினியில் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசி சாம்பல் நிறப் பஞ்சுத் துணியைப் போல ஒட்டிக் கிடக்கும். சாமணத்தால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் துண்டாக உரிந்து வரும். அது இருக்கும்வரை வெளியில் எதை வைத்தாலும் பெரிய பயனில்லை.

மதுரை விடுதி மாணவி:
அண்ணா சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் எல்லாராலும் கணினியைத் திறந்துவிட முடியாது. என்னுடையதற்கு உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. திறக்கும்போது ஒரு ரிப்பன் கேபிள் கிழிந்தால் விசைப்பலகையே போய்விடும் என்ற அச்சமும் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலின் மூடிகள் இரண்டைப் பின்பக்கக் கால்களுக்கு அடியில் வைத்தேன். மெத்தையில் வைத்திருந்தபோது அலறிய விசிறி, மேசையில் இப்படி உயர்த்தி வைத்த பிறகு அடங்கிவிட்டது. செலவே இல்லாத இந்த வழியை ஏன் ஒதுக்க வேண்டும்? எங்கள் விடுதியில் சிலர் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று விசைப்பலகைக்கு மேலே ரூபாய் நாணயங்களையும் அடுக்குகிறார்கள்.

ஸ்க்ரூடிரைவர்:
மூடிகளை நான் ஒதுக்கவில்லை, தங்கையே. காற்றுக்கு வழிவிடும் எதுவும் நல்லதுதான். நாணயங்களைத்தான் ஏற்க முடியாது. ஜப்பானில் இதற்குப் பயன்படும் 10 யென் நாணயத்தில் 95 விழுக்காடு செம்பு இருக்கிறது. நம் ஒரு ரூபாய் நாணயமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அது வெப்பத்தைக் கடத்தும் திறன் செம்பின் திறனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

உத்தரவாதம் இருப்பவர்கள் விண்டோஸின் பவர் அமைப்பில் செயலியின் உச்ச அளவை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக மாற்றிப் பாருங்கள். பல கணினிகளில், வேலை கூடும்போது செயலி தானாக எடுக்கும் டர்போ எனும் கூடுதல் வேகம் அதோடு நின்று, சூடு கண்கூடாகக் குறையும். வேகம் சற்றுக் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணாநகர்வாசி:
தட்டின் அடியில் முத்து முத்தாக நீர் நிற்பதை நேற்றிரவு பார்த்தேன். ஐஸை விட்டுவிட்டேன். ஆனால் வெளியிலிருந்து செய்வதால் பயனில்லை என்பதை இன்னும் ஏற்க மாட்டேன். பழைய மேசைக்கணினியின் 12 வோல்ட் விசிறியை யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் மெதுவாகச் சுழலவிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி ஊதச் செய்தபோது நான்கு டிகிரி குறைந்தது.

ஸ்க்ரூடிரைவர்:
அந்த நான்கு டிகிரியை நான் மறுக்கவில்லை. தூசியை எடுத்த பிறகு அதே விசிறியை வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். கடையில் ப்ளோயர் அடிக்கும்போது விசிறி இதழைப் பல்குத்தியால் நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும். செயலியின் சூட்டை மேலேயுள்ள உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும்; அதையும் அப்போதே மாற்றிவிடலாம்.

அண்ணாநகர்வாசி:
இன்று கொடுத்து வாங்கி வந்தேன். நீங்கள் சொன்ன அந்தச் சாம்பல் துணியை ஒரு காகிதத்தில் வைத்துக் காட்டினார்கள். பேஸ்ட்டும் புதிதாக வைத்தார்கள். அதே காணொளி வேலைக்கு இப்போது 84. விசிறியையும் வைத்தால் 81.

மதுரை விடுதி மாணவி:
நான் 99க்கு மாற்றிவிட்டேன். உத்தரவாதம் ஜூலையில் முடிகிறது. அதற்கு முன்பே சேவை மையத்தில் கொடுத்துத் தூசி எடுத்துக்கொள்கிறேன். மூடிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.