மகன் கல்யாணம் சேலத்தில்: சொந்தபந்தம் எல்லாரையும் ஏற்காட்டில் தங்க வைக்கலாமா?

மதுரைக்காரி:

வணக்கம். வரும் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்குக் கல்யாணம். நாங்கள் மதுரை, பெண் வீடு சேலம். ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தைப் பெண் வீட்டார் பிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் முகூர்த்தம். இதுவரை ஒரு குழப்பமும் இல்லை.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமையே எல்லாரும் நேராக ஏற்காட்டுக்கு வந்துவிட வேண்டும், இரண்டு ராத்திரியும் அங்கேயே ஒரே இடத்தில் தங்க வேண்டும், வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் மட்டும் கீழே இறங்கினால் போதும் என்கிறான். எங்கள் சொந்தம், அவன் நண்பர்கள், என் கணவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 110 பேர். அவன் ஆசை எனக்கும் இருக்கிறது. நாத்தனார்கள் ஆளுக்கொரு ஊரில், தம்பி சென்னையில், பிள்ளைகள் ஒருவரையொருவர் போனில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியாக எல்லாரும் ஒரே இடத்தில் கூடியது மாமனாரின் காரியத்துக்கு. ஒரு நல்ல காரியத்துக்கும் அப்படிக் கூடி உட்கார வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஆனால் மாமியாருக்கு 82 வயது. என் கணவரின் அண்ணனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை. கைக்குழந்தைக்காரர்கள் வேறு. மலையில் தங்கி விடியற்காலை முகூர்த்தத்துக்கு வருவது நடக்கிற காரியமா? அந்த ஊர் தெரிந்தவர்கள், இப்படி வெளியூரில் பிள்ளை கல்யாணம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

---

கோரிமேடு வாசி:

அக்கா, நான் அந்த மலைப்பாதை தொடங்குகிற பக்கத்திலேயே இருப்பவன், அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி மட்டும் யாரையும் மேலே தங்க வைக்காதீர்கள். மாப்பிள்ளையை நிச்சயமாக வேண்டாம்.

கணக்குப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 20 கொண்டை ஊசி வளைவு, பகலில் நிதானமாக ஓட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். 6 மணி முகூர்த்தம் என்றால் நாலரைக்காவது மண்டபத்தில் இருக்க வேண்டும், அதற்கு மூன்று மணிக்கெல்லாம் வண்டி கிளம்ப வேண்டும், அதற்கு இரண்டு மணிக்கு எழுந்து குளிக்க வேண்டும், அதுவும் தை மாதக் குளிரில். அந்த நேரத்தில் மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தால் முன்னால் இருக்கிற வளைவே கண்ணுக்குத் தெரியாது, காட்டெருமை ரோட்டைக் கடப்பதும் இங்கே புதிதில்லை. ஒரு வேன் பழுதாகி வளைவில் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அயோத்தியாப்பட்டணத்துக்கு இறங்குகிற குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, ஆனால் அது சுற்று. தாலி கட்டுகிற நேரத்தை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை எதற்கு?

அதே சமயம் மலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளி ராத்திரி இளவட்டங்கள் மேலே தங்கட்டும், சனிக்கிழமை காலை டிபன் முடித்து 11 மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். ஊரெல்லாம் மேலே ஏறுகிற நேரத்தில் நீங்கள் இறங்குவீர்கள். பெரியவர்கள் சனிக்கிழமை மதுரையிலிருந்து கிளம்பி நேராகச் சேலம் வந்தால் போதும். ஐந்து ரோடு, புதிய பஸ் நிலையம் சுற்றுவட்டாரத்தில் லிஃப்ட் இருக்கிற ஓட்டல்கள் நிறைய உண்டு, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று நேரில் ஒருவரை அனுப்பிப் பாருங்கள்.

இன்னொன்று, பஸ் பிடித்து வருவதானால் டிரைவருக்கு மலைப் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். அரசு பஸ்ஸே மேலே போகிறது, வண்டி பெரிது என்பது பிரச்சினை இல்லை. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், இறங்கும்போது கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. சமவெளியில் மட்டும் ஓட்டிய டிரைவர்கள் இங்கேதான் பிரேக்கைச் சூடாக்கி நிறுத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

---

மூன்று பிள்ளை பெற்றவர்:

என் இரண்டாவது மகன் கல்யாணத்துக்கு எல்லாரையும் மலையில் ஒரு விடுதியில்தான் தங்க வைத்தோம். எங்களுக்கு முகூர்த்தமும் அங்கேயே என்பதால் விடியற்காலைப் பயணம் இல்லை. அதைப் பற்றிச் சிலது சொல்கிறேன் அம்மா.

படத்தில் பார்க்க அழகாக இருக்கும் எஸ்டேட் விடுதிகள் பெரும்பாலும் சரிவில் கட்டியவை. அறைக்கு ஐம்பது படி, சாப்பாட்டுக்கூடத்துக்கு மறுபடி படி. முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கு அது தண்டனை. எங்களுக்குத் தரைத்தளத்தில் நாலு அறை என்று ஒத்துக்கொண்டுவிட்டு, போய் இறங்கியபோது இரண்டுதான் கொடுத்தார்கள், எந்த விடுதி என்று இங்கே எழுத விரும்பவில்லை. அறை எண்ணோடு எழுதி வாங்குங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, ஆளுக்கு இரண்டு கம்பளி கிடைக்குமா, இதையெல்லாம் கேளுங்கள். சேலம் 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். ஒரு மணி நேரத்தில் அவ்வளவு உயரம் ஏறும்போது காது அடைக்கும், குழந்தைகள் அழும், சாப்பிட்ட கையோடு ஏறினால் பாதிப் பேருக்கு வாந்தி. இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு ஏறச் சொல்லுங்கள், எலுமிச்சம்பழமும் கவரும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும்.

பாட்டு, ஆட்டம் என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்தால் இரவு 10 மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலையில் சத்தம் வெகுதூரம் போகும், பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் மனிதர்களும் தூங்க வேண்டுமே.

மலைச் செலவு முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். பெண் வீட்டார் மண்டபத்தையும் சாப்பாட்டையும் தலையில் சுமக்கிறார்கள், உங்கள் பிள்ளையின் ஆசைக்கு அவர்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. சம்பந்தி மரியாதைக்காகக் கொடுக்க முன்வருவார்கள், அப்போதும் வாங்காதீர்கள்.

---

பெங்களூர்த் தம்பி:

அம்மா, நான் உங்கள் மகன் வயசுக்காரன், அவன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். நண்பர்கள் கல்யாணத்துக்கு எத்தனையோ ஊருக்குப் போகிறோம். வரவேற்பு மேடையில் ஏறிப் படம் எடுத்து, பந்தியில் சாப்பிட்டு, காலையில் அட்சதை போட்டுக் கிளம்பிவிடுகிறோம், மாப்பிள்ளையோடு பத்து நிமிஷம் பேச முடிவதில்லை. அவன் கேட்பது அந்தப் பேச்சுக்கான நேரத்தைத்தான். அதனால் வெள்ளி ராத்திரியை எடுத்துவிடாதீர்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அவர்களோடு சேர்த்து அனுப்புங்கள். அத்தை பையனும் ஆபீஸ் நண்பனும் அங்கே பழகிவிட்டால் மறுநாள் மண்டபத்தில் வேலை செய்ய ஆள் தேட வேண்டாம்.

பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தருமபுரி தாண்டியதும் வரும் தொப்பூர் இறக்கத்தில் விபத்து அதிகம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு ராத்திரி அதில் இறங்க வேண்டாம், மதியமே கிளம்பட்டும். சென்னை ஆட்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் விடியுமுன் சேலம் ஜங்ஷன். இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது, தொடங்குகிற அன்றைக்கே போட்டுவிடுங்கள், தை முகூர்த்த நாள் என்றால் இடம் நிற்காது.

---

அம்மாபேட்டை அத்தை:

எல்லாரும் மலையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன் மதுரைக்காரம்மா. நீங்கள் தேடுகிற அந்தக் கூடி உட்கார்தல் சனிக்கிழமை ராத்திரி மண்டபத்திலேயே கிடைக்கும். வரவேற்பு கூட்டம் கலைந்து, கடைசிப் பந்தி முடிந்து, ஒரு பத்தரை மணிக்கு ஹாலில் ஜமக்காளம் விரித்து உட்காருங்கள். பெண்கள் தாம்பூலப் பை போடட்டும், ஆண்கள் சீர்த்தட்டு அடுக்கட்டும், பாட்டியை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். கை வேலை செய்யும்போதுதான் வாய் தானாகப் பேசும். பழைய கல்யாணக் கதை, யார் யாரோடு கோபித்துக்கொண்டு போனார்கள், யார் சமாதானம் செய்தார்கள், எல்லாம் அப்போது வரும். இதற்கு எந்த விடுதியிலும் அறை போட முடியாது. மண்டபத்து ஆட்களிடம் மட்டும் ஹால் விளக்கை அணைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பெண் வீட்டாரையும் அந்த வட்டத்தில் கூப்பிடுங்கள். அடுத்த நாள் தன் வீட்டை விட்டு வரப்போகிற பெண்ணுக்கு உங்கள் சனங்களின் முகம் முதல் நாளே பழகிவிடும்.

சாயங்காலம் வந்து இறங்குகிறவர்களுக்குத் தட்டுவடை செட் கொடுங்கள். தட்டுவடை இரண்டுக்கு நடுவில் கேரட்டும் பீட்ரூட்டும் துருவி வைத்து, சட்னி தடவி, கையிலேயே செய்து தருகிற ஆளை ஒரு மூலையில் நிறுத்தினால் போதும், சேலம் வந்ததற்கு அதுதான் அடையாளம். மதுரை ஆட்கள் வரும் வழியில் நாமக்கல்லில் இறங்கி 18 அடி ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டு வரலாம், வயசானவர்களுக்கு ஏறி இறங்க அதிகம் இல்லை. மருமகளுக்குக் கொலுசு இன்னும் வாங்கவில்லை என்றால் செவ்வாய்ப்பேட்டையில் பாருங்கள், இந்த ஊர் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போனது.

---

மதுரைக்காரி:

எல்லாருக்கும் கும்பிடு போட்டுச் சொல்கிறேன், நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் மகனுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு மணிக்கு எழுந்து குளிக்கிற கணக்கைக் கேட்டதும் அவனே சனி ராத்திரியை விட்டுவிட்டான். வெள்ளி ராத்திரி அவனும் நண்பர்களும் எங்கள் வீட்டு இளசுகளும் மேலே, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் சேலத்தில். ஜமக்காளம் ஊரிலிருந்தே எடுத்து வருகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. மாமியாருக்கு மலை பார்க்க ஆசையாம், எங்களிடம் சொல்லவில்லை, பேத்தியிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சாப்பாடு முடிந்து அவரை மேலே கூட்டிப் போய் ஒரு ராத்திரி தங்கலாமா?

---

கோரிமேடு வாசி:

தாராளமாகக் கூட்டிப் போங்கள் அக்கா. ஞாயிறு பிற்பகலில் சுற்றுலாக் கூட்டம் இறங்கும், நீங்கள் ஏறுவீர்கள். ராத்திரிக்கு அறையும் சுலபமாகக் கிடைக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது படுக்க வைத்து, மூன்றரைக்குக் கிளம்பினால் வெளிச்சத்திலேயே மேலே போய்விடலாம். முன் சீட்டில் உட்கார வையுங்கள், தலைசுற்றல் குறையும். கிளியூர் அருவிக்குப் படி இறங்க வேண்டும், அது வேண்டாம். லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் வண்டி பக்கத்திலேயே நிற்கும், இருட்டியதும் கீழே சேலம் முழுக்க விளக்கெரிவது தெரியும். திங்கட்கிழமை காலை சேர்வராயன் கோயிலுக்கும் வண்டி அருகில் வரை போகும், குகைக்குள் குனிந்து போக வேண்டியிருக்கும் என்பதால் அவர் வெளியிலிருந்தே கும்பிடட்டும். புதுமணத் தம்பதியையும் கூட்டிப் போனால் அங்கேயே ஒரு அர்ச்சனை செய்துவிடலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர், காலுறை, காதை மூட ஒரு மஃப்ளர், இது மூன்றும் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும், டிக்கியில் பெட்டிக்கு அடியில் போட்டுவிட வேண்டாம்.