அஸ்பேசியா: பேச்சுக்கலை ஆசிரியரா, பிறர் கட்டிய கதையா?

கயல்விழி:
ஏதென்ஸின் தலைவராயிருந்த பெரிக்ளீஸின் துணைவி அஸ்பேசியாவைப் பற்றி யார் எழுதினாலும் எடுத்த எடுப்பிலேயே ‘தாசி’ என்று போட்டுவிடுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. அவர் மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரிலிருந்து ஏதென்ஸுக்கு வந்தவர். அந்தப் பட்டத்தைக் கட்டியவர்கள் நகைச்சுவை நாடகக்காரர்கள். அவரிடமிருந்த இரண்டு தாசிப் பெண்களைப் பக்கத்து நகரமான மெகாராவின் ஆட்கள் தூக்கிப்போனதால்தான் ஸ்பார்ட்டாவோடு போரே மூண்டது என்று அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 425இல் மேடையேற்றினார். கூட்டத்தைச் சிரிக்கவைக்கச் சொன்னதை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஏடு:
கூடாதுதான். ஆனால் அதே அளவுகோலை மறுபக்கமும் வையுங்கள். ‘சாக்ரடீஸுக்கே பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர்’ என்கிறோமே, அது பிளேட்டோவின் ‘மெனெக்செனஸ்’ நூலில் வருவது. அஸ்பேசியாவிடம் பாடம் கேட்ட இரங்கலுரை என்று சாக்ரடீஸ் அதில் ஒன்றை ஒப்பிக்கிறார். மறந்தபோது அடி விழப் பார்த்ததாம். அந்த உரையில் கி.மு. 386இல் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை வரை பேச்சு வருகிறது. சாக்ரடீஸ் இறந்ததோ 399இல்! பிளேட்டோ தெரிந்தே செய்த விளையாட்டு அது.

ஆழி:
விளையாட்டாகவே இருக்கட்டும். அஸ்பேசியா பேச்சில் வல்லவர் என்று ஊருக்குத் தெரிந்திருந்தால்தானே அது எடுபடும்?

கயல்விழி:
அதேதான். அப்புறம் சாக்ரடீஸின் மாணவர் செனபோன் எழுதியது. மனைவிக்கு வீட்டு நிர்வாகம் பழக்குவது பற்றிய பேச்சில், ‘அஸ்பேசியாவை அறிமுகப்படுத்துகிறேன், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்’ என்கிறார் சாக்ரடீஸ். இதில் கேலியே இல்லை.

பழைய ஏடு:
சரி, செனபோன் வலுவான சான்று, ஏற்கிறேன். ஆனால் அங்கேயும் வாய் சாக்ரடீஸுடையது. அஸ்பேசியா எழுதிய ஒரு வரி நம் கையில் இல்லை. அவருக்காகத்தான் பெரிக்ளீஸ் சாமோஸ் தீவு மீது போர் தொடுத்தார் என்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியது 500 ஆண்டுகள் கழித்து.

கயல்விழி:
சாமோஸை விட்டுவிடுகிறேன். ஆனால் சாக்ரடீஸும்தான் ஒரு வரி எழுதவில்லை. மாணவர்கள் சொல்லித்தானே அவரை நம்புகிறோம்? அவர்களில் ஒருவரான ஐஸ்கினீஸ், அஸ்பேசியா பெயரிலேயே ஓர் உரையாடல் எழுதினார். அதில் ஒரு பகுதியை ரோமானியப் பேச்சாளர் சிசரோ காப்பாற்றித் தந்திருக்கிறார். செனபோனின் மனைவியிடம் அஸ்பேசியா கேட்கிறார்: ‘பக்கத்து வீட்டுக்காரியின் தங்கம் உன்னுடையதைவிட உயர்ந்தது என்றால் எது வேண்டும்?’ ‘அவளுடையது.’ ‘துணிமணி?’ ‘அவளுடையது.’ ‘அவள் கணவன் உன் கணவனைவிட நல்லவன் என்றால்?’ அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிடுகிறது. அடுத்து செனபோனிடம் குதிரை, நிலம் என்று கேட்டு மனைவியில் வந்து நிற்கிறார். அவரும் வாயடைத்துப்போகிறார்.

சாக்ரடீஸின் முறை என்று நாம் படிப்பது இந்தக் கேள்விகளைத்தானே?