தோட்டம் போட கம்ப்யூட்டர் வரைபடம் உதவுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கேட்டவருக்கு என் பதில்: என்ன செடி வைக்கலாம் என்று அதனிடம் கேட்காதீர்கள், வெயில் எங்கே விழும் என்று மட்டும் கேளுங்கள், அதை அருமையாகச் சொல்லும்.

நான் காவேரிப்பட்டணம் பக்கம். ஸ்வீட் ஹோம் 3டி பயன்படுத்துகிறேன், இலவசம்தான். வீட்டுக்குள் கட்டில், மேசை போட்டுப் பார்க்க வந்த மென்பொருள், ஆனால் வீட்டுச் சுவர், காம்பவுண்டு, மாடித் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து உயரத்தோடு வரைந்துவிட்டால் கொல்லைக்கும் அதுவே போதும். வரைபடத்தில் ஒரு திசைகாட்டி இருக்கும். அதை இருமுறை தட்டி வடக்கைச் சரிசெய்து, கிருஷ்ணகிரிக்கு அட்சரேகை 12.5, தீர்க்கரேகை 78.2 என்று கொடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஏதோ ஊர் வெயிலைக் காட்டும். அப்புறம் படம் எடுக்கும் இடத்தில் தரத்தைக் கூட்டி வைத்தால் தேதியும் மணியும் கேட்கும்.

வீட்டுக்கு வடக்கே வருஷம் முழுக்க நிழல் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள் இல்லையா, அது அவர்கள் ஊருக்குச் சரி. நமக்குச் சித்திரை பிறந்து பத்து நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், அங்கிருந்து ஆவணி பிறக்கும் வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். மே மாதத் தேதி போட்டு மதியம் 12.15க்குப் பார்த்தால் எங்கள் வடக்குச் சுவரடி வரை பளீர் வெயில். மார்கழிக்கு மாற்றினால் அதே 10 அடிச் சுவரின் நிழல் 7 அடிக்கு நீண்டு கிடக்கிறது! அதனால் கீரைப் பாத்தியை அந்த 7 அடி தாண்டிப் போட்டோம், சுவரோரம் தொட்டிச் செடிகள் மட்டும், கோடையில் தூக்கி நகர்த்திக்கொள்ளலாம்.

அமெரிக்க மென்பொருள்களில் செடிக்கு மண்டல எண் போட்டிருப்பார்கள். அது குளிர்காலத்தில் எவ்வளவு குளிரும் என்பதை வைத்துப் பிரித்தது. நம் பக்கம் செடி காய்வது வெயிலிலும் தண்ணீர் இல்லாமலும், அதனால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். மாங்கன்று வைப்பவர்கள் மட்டும் ஒன்று செய்யுங்கள், பொதுவான மரம் ஒன்றை எடுத்து அகலம் 30 அடி கொடுத்து நிழலைப் பாருங்கள். தோப்பில் 10 மீட்டருக்கு ஒரு மரம் நடுவது சும்மா இல்லை.

— — —

அக்கா, நான் பாலக்கோடு. வெயில் விஷயம் நீங்கள் சொன்னது அப்படியே சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இதில் தரை சமமாகத்தான் இருக்கும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாது. அதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூபில் மட்டம் பார்த்து, மூலைக்கு மூலை எத்தனை அங்குலம் இறக்கம் என்று அச்செடுத்த வரைபடத்திலேயே பேனாவால் எழுதி வைத்தேன். வாழையும் கறிவேப்பிலையும் எங்கே என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்தோம், வாழை இறக்கத்தில், கறிவேப்பிலை தண்ணீர் தேங்காத மேட்டில்.